முடிக்குக் கீழே

"ரொம்ப சாதுங்க, கடிக்கவே கடிக்காது." பெர்ஷியன் பூனைக்கு முடி வாரிவிடக் கூப்பிடுகிறவர்கள் போனில் முதலில் சொல்வது இதைத்தான். கீறாது, ஓடாது, வைத்த இடத்திலேயே இருக்கும் என்றும் சேர்த்துக்கொள்வார்கள். நான் பதிலுக்கு மூன்று கேள்வி கேட்பேன். ஒழுங்காகச் சாப்பிடுகிறதா? தண்ணீர் வழக்கத்தைவிட அதிகம் குடிக்கிறதா? கடைசியாக எப்போது கட்டில் மேல் குதித்து ஏறியது? முதல் இரண்டுக்குச் சட்டென்று பதில் வந்துவிடும். மூன்றாவதற்குக் கொஞ்சம் யோசிப்பார்கள். "அது எங்க சார் குதிக்குது, சரியான சோம்பேறி."

இந்த இனம் அமைதியானது என்பது பொய்யில்லை. குரல் சின்னது. குட்டைக் கால், அகன்ற மார்பு, கனத்த எலும்பு. அலமாரி உச்சிக்குத் தாவுகிற உடம்பே கிடையாது. சோபாவில் ஒரு மூலை, ஜன்னலோரம் ஓரிடம், சாப்பாட்டுத் தட்டு என்று அதன் உலகம் முடிந்துவிடும். ஆனால் எந்தப் பூனையுமே வலியை வெளியே காட்டாத பிராணி. பெர்ஷியனிடம் அதற்கு மேல் இரண்டு திரை உண்டு. உடம்பு இளைத்தால் முடி மறைத்துவிடும். முகம் சுளித்தால், தட்டை முகத்தில் சுளிப்பு தெரியாது. கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் 2019-இல் பூனையின் காது, கண், வாய்ப்புறம், மீசை, தலையின் நிலை ஆகிய ஐந்தையும் பார்த்து வலியை மதிப்பிட ஓர் அளவுகோல் வகுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் பிறக்கும்போதே மூக்கு உள்ளே போய், கண்ணுக்குக் கீழே மடிப்பு விழுந்த முகத்தில் எது சுளிப்பு, எது இயல்பு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். அதனால் இந்த வேலையில் கண்ணைவிட விரலைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

புரசைவாக்கத்தில் மாமாவின் சலூனில் கத்திரி பிடித்துப் பழகியவன் நான். பிறகு நாய்களைக் குளிப்பாட்டி முடிவெட்டும் கடை ஒன்றில் சேர்ந்து, அங்கிருந்து பூனைக்கு வந்தேன். இப்போது கடை கிடையாது. பைக்கில் வீட்டுக்கே போகிறேன். பூனையைக் கூண்டில் போட்டு ஆட்டோவில் ஏற்றினாலே அதற்குப் பாதி உயிர் போய்விடும். கடையில் குரைக்கிற நாய் மீதியை வாங்கிவிடும். பையில் ஓர் அகலப்பல் எஃகுச் சீப்பு, ஒரு நெருக்கப்பல் சீப்பு, முகத்துக்கு ஒரு பேன் சீப்பு, நகவெட்டி, கிளிப்பர், சூப்புக்குக் கரைக்கிற சோளமாவு ஒரு டப்பா. கத்திரியும் இருக்கிறது. அதை வெளியே எடுப்பது அபூர்வம்.

விற்பவர்கள் "டிரிபிள் கோட்" என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். பெர்ஷியனுக்கு இருப்பது இரண்டே அடுக்கு. மேலே நான்கைந்து அங்குல நீளத்துக்கு வழவழவென்று ஓடுகிற முடி, அதற்கடியில் இலவம்பஞ்சு மாதிரி அடர்ந்த அடிமுடி. சிக்கு விழுவதெல்லாம் இந்த அடிமுடியில்தான். முடி நீளக் காரணம் எஃப்ஜிஎஃப்5 என்கிற ஒரு மரபணு. முடி வளர்ந்தது போதும் என்று உத்தரவு போடுவது அதன் வேலை. அது பழுதானால் உத்தரவு தாமதமாகிறது, முடி நீள்கிறது. தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் குட்டிக்கு நீளமுடி. தன் பெர்ஷியன் போட்ட குட்டிகளுக்கெல்லாம் குட்டைமுடி என்று, பூனையை விற்றவரிடம் சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். விற்றவர் மேல் தப்பில்லை. மாடிச் சுவரேறி வந்த கடுவன் மேல்தான் தப்பு.

பூனை தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும், நாம் எதற்கு வாரிவிட வேண்டும் என்று பல வீடுகளில் கேட்பார்கள். தெருப் பூனைக்கு அது சரி. பூனையின் நாக்கில் பின்னோக்கி வளைந்த முட்கள் உண்டு. எச்சிலை முடிக்குள் கொண்டுபோய் அழுக்கை எடுத்துவருவது அவைதான். அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2018-இல் அந்த முட்களின் நீளத்தையும் முடியின் தடிமனையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெர்ஷியனில் முள் தோலை எட்டவில்லை. நக்கி நக்கி மேல்முடியைத்தான் அதனால் வாரிக்கொள்ள முடியும். உதிர்ந்த அடிமுடி வெளியே வர வழியில்லாமல் அங்கேயே கிடந்து முறுக்கிக்கொள்ளும். அதன் நாக்கு செய்ய வேண்டிய வேலையை மனிதனின் முடி ஆசை பறித்துவிட்டது. பறித்தவன்தான் சீப்பை எடுக்க வேண்டும்.

சிக்கு விழும் இடங்கள் எல்லாப் பூனைக்கும் ஒன்றுதான். காதுக்குப் பின்புறம், முன்னங்கால் அக்குள், வயிறு, வாலடி, பின்தொடை. முதுகு பளபளவென்று இருக்கும். வீட்டுக்காரர் அதைத் தடவிக் காட்டி, "தினமும் பிரஷ் பண்றேன்" என்பார். பொய் சொல்லவில்லை, பிரஷ் மேலாக வழுக்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான். நான் பூனையை மடியில் சாய்த்து ஒரு முன்னங்காலை மெதுவாகத் தூக்கினால் அக்குளில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி ஒன்று தட்டுப்படும். கால் எடுத்து வைக்கும்போதெல்லாம் அது தோலை இழுக்கும். பல "சோம்பேறிகள்" நடக்காததற்குக் காரணம் அந்தக் கட்டி.

அதை எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் கட்டிக்கும் தோலுக்கும் நடுவே இடதுகை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கொடுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இழுவை விரலோடு நிற்கும், தோலுக்குப் போகாது. பிறகு சோளமாவைத் தூவி விரல்நுனியால் உள்ளே தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு விட்டு முடி வழுக்க ஆரம்பிக்கும். கட்டியை முடி ஓடுகிற திசையிலேயே இரண்டாக, நான்காகப் பிய்க்க வேண்டும். அகலப்பல் சீப்பின் கடைசி இரண்டு பல்லை மட்டும் நுழைத்து, நுனியிலிருந்து தொடங்கி அடிக்கு வர வேண்டும். அடியிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால் எந்தச் சாதுவும் கடிக்கும், கடிக்கவும் வேண்டும். சிக்கோடு தண்ணீர் ஊற்றவே கூடாது. நனைந்த சிக்கு காயும்போது இன்னும் இறுகும். குளிப்பாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஷாம்பூ போட்டுவிட்டுப் பிறகு என்னைக் கூப்பிடுகிறவர்களின் பூனையை வாருவதில் பயனில்லை, வழிக்கத்தான் வேண்டும்.

கத்திரி வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. மனிதத் தலையில் தோல் மண்டையோடு ஒட்டி நிற்கும்; சலூனில் முடியைத் தூக்கிப் பிடித்து வெட்டலாம். பூனைத் தோல் மெல்லியது, தளர்வானது. சிக்கைத் தூக்கினால் தோலும் கூடவே எழும்பி வரும். எது முடி, எது தோல் என்று மேலே இருந்து தெரியாது. சமையலறைக் கத்திரியால் அப்படி வெட்டப்பட்ட ஒரு பூனையை அயனாவரத்தில் பார்த்தேன். வயிற்றில் இரண்டு அங்குலத்துக்குத் தோல் வாய் பிளந்திருந்தது, ரத்தம்கூட அதிகம் இல்லை. அந்தப் பூனை கத்தவில்லை என்று வீட்டுக்காரர் ஆச்சரியப்பட்டார். நான் சீப்பை வெளியே எடுக்காமலேயே அவர்களை டாக்டரிடம் அனுப்பினேன், தையல் போட்டார்கள்.

அடிமுடி மொத்தமும் இறுகித் தகடாகிவிட்டால் கிளிப்பர்தான் வழி. நம்பர் 10 பிளேடு, தோலை இன்னொரு கையால் இழுத்துப் பிடித்து, பிளேடு தட்டையாகப் போக வேண்டும். சில நிமிஷத்துக்கு ஒருமுறை பிளேடை என் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்ப்பேன். மயக்க மருந்து தேவைப்படுகிற அளவுக்குப் போய்விட்ட பூனையை நான் தொடுவதில்லை. அது ஆஸ்பத்திரியில் நடக்க வேண்டிய வேலை.

கோடை பிறந்தால் போன் நிற்காது. "மொட்டை போட்டுடுங்க சார், பாவம், வேகுது." சிங்கம் கட் வேண்டும் என்பார்கள், தலையும் வால்நுனியும் விட்டு மீதியை வழித்துவிடுவது. சிக்கு முற்றியிருந்தால் செய்வேன், வயசான பூனைக்கு வயிற்றையும் பின்புறத்தையும் மட்டும் குறைத்துவிடுவேன். போட்டோவுக்காக என்றால் மறுத்துவிடுவேன். சிக்கில்லாத முடி காற்றை உள்ளே வைத்துக்கொண்டு வெயிலையும் தடுக்கும். வெள்ளைப் பூனையை வழித்து மாடியில் விட்டால் தோல் சிவந்து புண்ணாகும். இதில் ஹிமாலயன் வகைக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. சயாமிஸோடு கலந்து வந்த வகை அது. உடம்பு வெளிறி, முகமும் காதும் காலும் வாலும் கறுத்திருக்கும். அந்தக் கறுப்பை முடிவு செய்வது சூடு. உடம்பின் குளிர்ந்த பகுதியில் நிறமி உற்பத்தியாகும், வெதுவெதுப்பான பகுதியில் ஆகாது. அதனால்தான் வயிற்றுக்குள் சூட்டில் இருந்து வரும் குட்டிகள் வெள்ளையாகப் பிறக்கின்றன. ஹிமாலயனை வழித்து ஏசி அறையில் வைத்தால், குளிர்ந்த தோலிலிருந்து புதுமுடி கறுத்து வளரும். "நல்ல பூனையைக் கலர் மாத்திட்டீங்களே" என்று சண்டைக்கு வருவார்கள். அடுத்த முறை முடி உதிர்ந்து வளரும்போது பெரும்பாலும் பழைய நிறம் திரும்பும். அதுவரை யார் காத்திருப்பது?

நுங்கம்பாக்கத்தில் புகைநிறப் பெண் பூனை ஒன்று. ஏழு வயசு. தூரத்திலிருந்து பார்த்தால் மெத்தை அளவுக்கு இருந்தது. அந்த அம்மாவும், "தம்பி, இது சாப்பிட்டுச் சாப்பிட்டுக் குண்டாயிடுச்சு" என்றுதான் சொன்னார். நான் யாருடைய பூனையானாலும் சீப்புக்கு முன்னால் கையைத்தான் வைப்பேன். இரண்டு கட்டைவிரலும் முதுகெலும்பின் இருபுறமும், மற்ற விரல்கள் விலாவில். நல்ல உடம்பென்றால் எலும்பு லேசாகத் தட்டுப்படும், மேலே கொஞ்சம் சதை இருக்கும். இதில் ஒவ்வொரு கணுவும் தனித்தனியாக விரலில் ஏறி இறங்கியது. இடுப்பெலும்பு இரண்டும் கூர்மையாக நின்றன. தராசில் வைத்தபோது இரண்டரைக் கிலோகூட இல்லை. தண்ணீர்க் கிண்ணத்தை ஒரு நாளில் எத்தனை தரம் நிரப்புகிறீர்கள் என்று கேட்டேன். சமீபமாக அடிக்கடி நிரப்புவதாகச் சொன்னவர், பிறகு பேசவில்லை.

ஸ்கேனில் இரண்டு சிறுநீரகத்திலும் நீர்க்கட்டிகள். பெர்ஷியனின் குலநோய் இது. பிறவியிலேயே ஊசிமுனை அளவில் இருக்கும் கட்டிகள் வருஷக்கணக்கில் மெல்லப் பெருத்து, நடுவயதில் சிறுநீரகத்தை வேலை செய்யவிடாமல் ஆக்கிவிடும். பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிகளில் சரிபாதிக்கு வரலாம். இதற்கான மரபணுப் பழுதை 2004-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தில் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் பல நாடுகளில் ஸ்கேன் செய்து பார்த்த கணக்குகளில் பெர்ஷியன்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்த நோய் இருந்தது. இப்போது கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து அனுப்பினாலே, குட்டியாக இருக்கும்போதே தெரிந்துவிடும். சோதித்து, நோயுள்ளதை இனப்பெருக்கத்துக்கு விடாமல் இருந்தால் ஒரே தலைமுறையில் அந்த வம்சத்தில் நோயை நிறுத்திவிடலாம். நம் ஊரில் இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. அந்த நுங்கம்பாக்கத்துப் பூனை சிறுநீரகத்துக்கான உணவைத் தின்று, தோலுக்கடியில் சலைன் ஏற்றிக்கொண்டு மேலும் கொஞ்ச காலம் இருந்தது. அதற்குப் பிறகு அந்த அம்மா வேறு பூனை வளர்க்கவில்லை.

முகத்துக்கு வருகிறேன். சந்தையில் "டால் ஃபேஸ்", "செமி பஞ்ச்", "பஞ்ச் ஃபேஸ்" என்று மூன்று விலை. மூக்கு எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு காசு. பழைய பெர்ஷியனுக்கு இப்படி முகமே கிடையாது. 1620 வாக்கில் பாரசீகத்தில் சுற்றிய இத்தாலியப் பயணி பியத்ரோ டெல்லா வல்லே, குராசான் பக்கத்து நீளமுடிப் பூனைகளைத் தன் ஊருக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டு எழுதிவைத்திருக்கிறார். 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வீர் நடத்திய பூனைக் கண்காட்சியில் பெர்ஷியன்களும் இருந்தன. அந்தக் காலத்துப் படங்களில் மூக்கு ஒழுங்காக வெளியே நீண்டிருக்கும். தட்டை முகம் இருபதாம் நூற்றாண்டில் மேற்கத்திய வளர்ப்பாளர்கள் பொறுக்கிப் பொறுக்கி உண்டாக்கியது. மரபணுவைப் பார்த்தால் இன்றைய பெர்ஷியன் மேற்கு ஐரோப்பியப் பூனைகளுக்குத்தான் நெருங்கிய சொந்தம். பெயரில் மட்டும்தான் பாரசீகம்.

மூக்கை உள்ளே தள்ளினால் கண்ணீர் போகிற குழாயும் மடங்குகிறது. தண்ணீர் மூக்கு வழியாகப் போகாமல் கன்னத்தில் வழிந்து பழுப்புக் கோடு போடும். கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் உள்மூலையிலிருந்து வெளியே ஒரே துடைப்பு, கண்ணுக்கு ஒரு பஞ்சு, தினமும். விட்டால் மடிப்பில் தோல் வெந்து நாறும். கீழ்த்தாடை முன்னே துருத்தி நிற்பதால் பல் வரிசை சேராது. சாப்பாட்டை நாக்கின் அடிப்பக்கத்தால் அள்ளுகிற பூனைகளைப் பார்த்திருக்கிறேன். ஆழமான கிண்ணத்தை எடுத்துவிட்டுத் தட்டையான சாசரில் வைக்கச் சொல்வேன். மூக்குத் துவாரம் கோடாகச் சுருங்கியிருந்தால் தூங்கும்போது குறட்டை கேட்கும். அதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுகிறார்கள்.

கத்திரி வெயிலில் மின்சாரம் போனால் இந்த மூக்குதான் ஆபத்து. பூனைக்கு வியர்வை பாதத்தில் மட்டும்தான். மற்றபடி எச்சிலை முடியில் பூசி, அது காய்வதால் உடம்பைக் குளிர்வித்துக்கொள்ளும். பெர்ஷியனுக்கு நாக்கு தோலுக்கு எட்டாது, மூச்சுப்பாதையும் குறுகல். நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இளைப்பது சகஜம், பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சகஜமில்லை. ஈரத்துண்டால் பாதத்தையும் வயிற்றையும் துடைத்து, விசிறி போட்டு, உடனே வண்டியைக் கிளப்ப வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது.

ஐப்பசி மழை தொடங்கினால் படர்தாமரை சீசன். மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்கிற பூஞ்சைக்குப் பெர்ஷியன் முடி என்றால் விருந்து. வெளியே ஒன்றும் தெரியாத பூனையே மாதக்கணக்கில் அதைச் சுமந்து திரியும். முதலில் காட்டிக்கொடுப்பது வீட்டுக் குழந்தையின் கழுத்தில் வருகிற வட்டம்தான். புற ஊதா விளக்கடியில் நோய் பிடித்த முடி பச்சையாக ஒளிரும். எல்லா முடியும் ஒளிராது, அதனால் டாக்டரின் பரிசோதனை அவசியம். மாத்திரையும் மருந்துக் குளியலும் வாரக்கணக்கில் போகும். பூஞ்சையின் வித்துகள் சோபாவிலும் பாயிலும் ஒரு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் ஒரு வீட்டில் பயன்படுத்திய சீப்பைப் பிளீச் நீரில் ஊறவைக்காமல் அடுத்த வீட்டுக்கு நான் எடுத்துப்போவதில்லை. உங்கள் வீட்டுக்கு வருகிறவர் எப்படி என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. குளிப்பாட்டிய பூனையைத் தோல்வரை காயவைக்க வேண்டும். மேலே காய்ந்து உள்ளே ஈரமாக விட்டால் பூஞ்சைக்கு வாசலைத் திறந்துவிட்ட கணக்கு.

மயிலாப்பூர், மாம்பலம் பக்கம் சைவ வீடுகளில் இன்னொரு வழக்கு உண்டு. தயிர்சாதமும் பாலும் போட்டுவிட்டு முடி ஏன் கொட்டுகிறது என்று கேட்பார்கள். பூனை மாமிசம் தின்றே ஆக வேண்டிய பிராணி. டாரின் என்கிற சத்தை அதன் உடம்பால் போதுமான அளவு உண்டாக்கிக்கொள்ள முடியாது. அது குறைந்தால் இதயத் தசை தளர்ந்து வீங்கும் என்று 1987-இல் அதே டேவிஸ் வளாகத்தில் நிரூபித்தார்கள். கண்ணும் கெடும். வீட்டில் மீன் சமைக்க மனமில்லாவிட்டால் பாக்கெட் பூனை உணவைக் கொட்டி வைக்கலாம், அதில் டாரின் சேர்த்திருப்பார்கள். "ஐயோ அதுலயும் கோழிதானே" என்றார் ஒரு பெரியவர். ஆமாம் மாமா, கோழிதான். சாப்பாட்டைப் போலவே மருந்திலும் பூனை வேறு ரகம். நாயின் உண்ணிக்குக் கழுத்தில் விடுகிற பெர்மெத்ரின் சொட்டு மருந்தையும், காய்ச்சலுக்கு நாம் போடுகிற பாராசிட்டமாலையும் பூனைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். இரண்டும் உயிரைக் குடிக்கும்.

பல்லாவரம் வெள்ளிச் சந்தைக்குக் குட்டி பார்க்கக் கூட வரச் சொல்லிச் சிலர் அழைப்பார்கள். போனால் முதலில் தாயைக் காட்டச் சொல்வேன். போனில் ஒரு போட்டோ காட்டுவார்கள். சிறுநீரகச் சோதனைத் தாள் கேட்டால், "பூனைக்கு எதுக்குண்ணே அதெல்லாம்?" குட்டியின் காதோர முடியைப் பிரித்துப் பொடுகும் சொட்டையும் பார்ப்பேன். மூக்குத் துவாரம் வட்டமாகத் திறந்திருக்கிறதா என்று பார்ப்பேன். வெள்ளைக் குட்டியாக இருந்து இரண்டு கண்ணும் நீலமென்றால் பின்னால் நின்று கைதட்டுவேன். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காது கேட்காது. கேட்காவிட்டால் வாங்கக் கூடாது என்றில்லை, தெரிந்து வாங்க வேண்டும். என்னைக் கேட்டால் சந்தையைவிட, தாயை நேரில் காட்டுகிற வீட்டு வளர்ப்பாளரே மேல். மூக்கு வெளியே தெரிகிற டால் ஃபேஸ் குட்டி, மூன்று மாதம் தாயோடு இருந்தது, தடுப்பூசி அட்டையோடு.

அதற்கும் முன்னால் வீட்டில் யார் வாருவது என்று முடிவு செய்துகொள்ளச் சொல்வேன். "அதான் மாசாமாசம் நீங்க வர்றீங்களே!" மாதம் ஒருமுறை போதாது. தினமும் பத்து நிமிஷம், அக்குள், வயிறு, பின்தொடை. அதனால் முதல் தடவை போகும்போதே வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் விரலைப் பிடித்து முதுகெலும்பில் வைத்துவிட்டுத்தான் சீப்பைக் கொடுப்பேன். பெரும்பாலும் பாட்டிகள்தான் தேறுகிறார்கள். பேத்திகளுக்குச் சிக்கெடுத்துப் பின்னிய கை, நுனியிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படி ஒரு பாட்டி இருக்கிற வீட்டில் ஒரு வருஷத்துக்குள் என் வேலை நகம் வெட்டுவதோடு நின்றுவிடும். வருமானம் குறையத்தான் செய்கிறது.